கவுத்துப் போட்ட கல்

காலு தட்டிட்டா அண்ணாச்சி? மன்னிச்சுக்கிடுங்க. இந்தா, கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளுதேன். இல்ல, தள்ளாது. அது கல்லு. சாக்குல சுத்தியிருக்கதால உங்களுக்குத் தெரியலை. நீங்க காலை இப்படி மடக்கி வச்சுக்கிடுங்க. வளைவுல பஸ் திரும்பும்போது நான் கையால பிடிச்சுக்கிடுதேன்.

மலைக்குக் கல்லைக் கொண்டு போறானே, இவனுக்கு மண்டையில என்ன கோளாறுன்னு நினைப்பீங்க. போளூர்ல ஏறும்போது கண்டக்டரும் அப்படித்தான் பாத்தாரு. அவருக்கு நான் பதில் சொல்லலை, நின்னு கேக்க அவருக்கு ஏது நேரம். நீங்க ஜமுனாமரத்தூர் வரைக்கும்தான? அப்ப சாவகாசமாச் சொல்லலாம்.

எனக்கு ஊரு திருச்செந்தூர் பக்கம் சாலேம்புரம். மாவு மில்லு வச்சிருக்கேன். பேரு தர்மராஜ் எபனேசர். சு. தர்மராஜ் எபனேசர். அந்த சு-வை விட்டுராதீங்க, அது எங்க அப்பா. சுவிசேஷமுத்து.

எங்க ஊரு கோயில்ல பேரு இல்லாத சாமானே கெடையாது. கோயிலுன்னா சர்ச்சு. குருவானவரை ஐயருன்னுதான் நாங்க சொல்லுவோம், நீங்க வேற யாரையும் நினைச்சுக்கிடாதீங்க. பெஞ்சுல பேரு, மணியில பேரு, ஃபேன் றெக்கையில பேரு. ஃபேன் சுத்துனா பேரு தெரியாதுன்னு சித்திரை வெயில்லயும் ஆஃப் பண்ணச் சொல்லுத குடும்பம் ஒண்ணு உண்டு. செருப்பு விடுத இடத்துல ஒரு பலகை போட்டிருக்கு, அதுல கூட ஒருத்தரு தாத்தா பேரு இருக்கு. எங்க குடும்பத்துப் பேரு மட்டும்தான் எங்கயும் இல்ல.

இருந்துச்சு. எங்க அப்பா ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி மாட்டுனாவ. கண்ணாடியில செவப்பு எழுத்துல பேரு. அது மணிக்கு மணி டங்கு டங்குன்னு அடிக்கும். பிரசங்கம் நீண்டு போனா அது வேற ஞாபகப்படுத்தும். அப்ப இருந்த ஐயருக்கு அது பிடிக்கலை. கிறிஸ்மஸுக்கு வெள்ளை அடிக்கும்போது கழட்டுனவங்க திரும்ப மாட்டலை. கேட்டா, ரிப்பேருக்குக் குடுத்திருக்குன்னாங்க. எங்க அப்பா சாகுத வரைக்கும் கோயிலுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல அந்த ஆணியைத்தான் பாப்பாவ. சுவத்துல வெறும் ஆணி.

போன வருசம் எங்க நவமணி ஐயர் ஆராதனை முடிஞ்சதும் ஒரு அறிவிப்பு குடுத்தாவ. இந்த மலையில புளியமூலைன்னு ஒரு ஊரு, ரோடு கெடையாது, ஊழியக்காரர் ஓபேத்து அங்கன ஒரு ஓலைக் கொட்டகையில சபை நடத்துதாரு. அங்க ஒரு சின்னக் கோயிலு கட்டுவோம். ஆள் வச்சுச் செய்ய வேண்டாம், நம்மளே போயி மண்ணு சுமப்போம், சிமெண்ட் சுமப்போம். உடம்பால செய்யுத வேலையும் ஜெபந்தான், கை காய்ச்சுப் போனா ஆத்துமா இளகும். அப்படின்னு சொன்னாவ. ஐயர் அதைச் சொன்னப்ப பல பேரு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் குனியலை. எனக்கு அந்த நிமிசமே ஒரு வெளிச்சம் கிடைச்சுட்டு.

கோயிலு கட்டுனா கல்லு வைக்கணும்லா? சிமெண்டை எல்லாவனும் சுமப்பான். கல்லை யாரு நினைப்பா?

நேரா திருநெல்வேலிக்குப் போயி, எழுத்து வெட்டுதவர்கிட்ட கருப்பு கிரானைட்டுல ஒண்ணு சொன்னேன். ரெண்டடி நீளம், நல்ல கனம். முன்பக்கம் முகம் பாக்கலாம், அப்படி ஒரு பாலீஷ். பின்பக்கம் சொரசொரன்னுதான் இருக்கும், அது சுவத்துக்குள்ள போறதுதான. மேல, தேவனுக்கே மகிமை. கீழ, இவ்வாலயத்தின் கல் அன்பளிப்பு சு. தர்மராஜ் எபனேசர், மாவு மில் உரிமையாளர், சாலேம்புரம். அவரு கேட்டாரு, ரெண்டு வரியும் ஒரே அளவுல வெட்டுனா இடம் பத்தாது, எதைச் சின்னதா போடன்னு. நான் யோசிச்சுப் பாத்தேன். தேவன் வரியைச் சின்னதா போடுங்கன்னேன். அவரைத்தான் எல்லாருக்கும் தெரியுமே.

எங்க அப்பா பேரா? அதான் இனிஷியல்ல இருக்குல்லா.

சரி, பொறப்பட்டோம். ஆம்பளையும் பொம்பளையுமா ஒரு வேன் நெறைய. என் வீட்டுக்காரி லில்லிபுஷ்பமும் வந்தா. அவளை நான் வர வேண்டாம்னுதான் சொன்னேன். மலையேத்தம், சுமை, இதெல்லாம் உன்னால ஆகாதுன்னேன். நான் மூட்டையோட வளந்தவன். எங்க மில்லுல பகல் பூரா மூட்டை ஏறும், எறங்கும். நான் கல்லாவுல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அதனால சுமைன்னா என்னான்னு எனக்குத் தெரியும். அவ கேக்கலை. வந்துட்டா.

வேன் நிக்குத இடத்துல இருந்து புளியமூலைக்கு ஒத்தையடிப் பாதைதான். ஏத்தம்னா ஏத்தம், முழங்காலு நெஞ்சைத் தொடும். மணல், சிமெண்ட், தகரம் எல்லாம் கீழ குவிஞ்சு கெடக்கு. ஐயரே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு சிமெண்ட் மூட்டையைத் தோள்ல ஏத்துனாவ. என்னைப் பாத்து, "ஐயா, நீங்க ஒரு மணல் சாக்கு எடுத்துக்கிடுதீங்களா"ன்னு கேட்டாவ.

நான் என் சாக்கைக் காட்டுனேன். இது என் பாரம் ஐயரே, இதை நாந்தான் சுமக்கணும்னேன். ஐயர் சிமெண்ட் மூட்டையோட ஏற ஆரம்பிச்சுட்டாவ. பாரம்னு சொல்லிட்டா ஐயருமாரு கேக்க மாட்டாவ.

தூக்குனேன். அண்ணாச்சி, கிரானைட்டு கடையில கெடக்கும்போது ஒரு கனம், மலையில ஏறும்போது வேற கனம். பத்து எட்டு வச்சா எறக்கி வைக்கணும். தோளு மாத்தணும். தண்ணி குடிக்கணும். லில்லிபுஷ்பம் மணல் சட்டியைத் தலையில வச்சுக்கிட்டு என்னைத் தாண்டி மேல போனா. நான் ஒரு பாறையில உக்காந்து மூச்சு வாங்கிட்டு இருக்கும்போது வெறுஞ்சட்டியோட கீழ எறங்குனா. கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடி மணலோட மேல போனா. எத்தனை தடவைன்னு நான் பாக்கலை, நம்ம கவனம் கல்லுல இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நின்னு, "தண்ணி வேணுமா?"ன்னு கேப்பா. பொம்பளைங்களுக்கு இந்தச் சட்டி சுமக்கது ஒண்ணும் பெருசா தெரியாது. கைவீசிட்டுப் போற மாதிரி போவாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். பாதையில ஒரு கொண்டை ஊசித் திருப்பம். அங்கன வரும்போது எனக்கு உயிரு போயிட்டு. கல்லை எறக்கி வச்சேன், அது மேல தலையைச் சாய்ச்சேன். ஆண்டவரேன்னு கூப்பிட்டேன். வழக்கமா நான் ஜெபம் பண்ணுனா கேக்கதுக்கு ஏதாவது இருக்கும். மில்லு மோட்டாரு, முட்டு வலி, ஏதாவது. அன்னைக்கு ஒண்ணும் வரலை. எங்க அப்பா அந்த ஆணியைப் பாத்துக்கிட்டு நிக்கதுதான் கண்ணுக்குள்ள வந்துச்சு. அவிய செத்தப்ப கூட நான் அப்படி அழலை. ஒரு ஆடு மேய்க்கவ நின்னு பாத்துட்டுப் போனா. எனக்கு வெக்கமா இல்ல. நெஞ்சு அப்படி லேசாயிட்டு. கல்லு லேசாகலை.

சாயங்காலம் மேல போயிச் சேந்தேன். அன்னைக்கு வேலை முடிஞ்ச பெறவு எல்லாரும் வட்டமா உக்காந்து சாட்சி சொல்லணும்னு ஐயர் வச்சிருந்தாவ. இன்னைக்கு ஆண்டவர் எனக்கு என்ன கத்துக் குடுத்தாருன்னு ஒவ்வொருத்தரும். நான் என் பாரத்தைப் பத்திச் சொன்னேன். விலாவாரியாச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அடுத்த நாள் நான் எழும்பும்போது ஐயர், இன்னைக்குப் பேசாதவங்களுக்குத் தருணம் குடுப்போம்னுட்டாவ. பொறாமைன்னு சொல்ல மாட்டேன். குருவானவரு.

அதுக்குப் பெறவு எனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு. எந்திரிக்க முடியலை. ஓபேத்து வீட்டுல ஒரு கயித்துக் கட்டில் போட்டுக் குடுத்தாரு. கல்லைக் கட்டிலுக்கு அடியில வச்சுக்கிட்டு, நான் படுத்தவாக்குல வேலையைப் பாத்துக்கிட்டேன். கோணையா வைக்காதீங்க, தண்ணி பத்தலைன்னு அங்க இருந்தே சத்தம் குடுப்பேன். ஒருத்தன் நிர்வாகம் பண்ணணும்லா. வாசலுக்கு வலப்பக்கம், கல்லு பதிக்க ஒரு இடம் விட்டுக் கட்டச் சொன்னேன். விட்டுக் கட்டுனாங்க.

தண்ணி பத்தலைன்னு சொன்னேன் பாருங்க, அங்க தண்ணிக்குக் கீழ ஒரு ஊத்துக்குப் போகணும். கலவைக்கும் அந்தத் தண்ணிதான், கஞ்சிக்கும் அந்தத் தண்ணிதான். லில்லிபுஷ்பம் அந்த ஊருக்காரி வெள்ளச்சின்னு ஒருத்தியோட சேந்துக்கிட்டு அங்கயே கெடந்தா. வெள்ளச்சி முழுகாம இருந்தா, நெறமாசம். அந்த ஊத்தடி பூரா களிமண்ணு, எண்ணெய் தடவுன மாதிரி வழுக்கும். கெடக்குத கல்லெல்லாம் உருண்டைக் கல்லு, பாசி பிடிச்சது. ஒரு நாள் லில்லிபுஷ்பம் தலையில இருந்து கால் வரைக்கும் சேத்தோட வந்து நிக்கா. வெள்ளச்சி குடத்தோட சறுக்குனாளாம், இவ தாங்கிப் பிடிக்கப் போயி இவ விழுந்தாளாம். போன மழைக்கு ஒருத்தி அதே இடத்துல விழுந்து கரு கலைஞ்சு போச்சுன்னும் சொன்னா. நான் ஐயோ பாவம்னேன். என் முதுகுக்குத் தைலம் தேய்க்க அவ வரலை அன்னைக்கு, நானும் ஒண்ணும் சொல்லலை. அனுசரிச்சுப் போறவன்.

பிரதிஷ்டை நாளு வந்துச்சு. சின்னக் கோயிலு, தகரக் கூரை, உள்ள சாணி மெழுகி, வாசல்ல மாவிலை. மனசு நெறைஞ்சு போச்சு. நான் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, கல்லைக் குளிப்பாட்டி எடுத்துட்டு வருவோம்னு கட்டிலுக்கு அடியில கையை விட்டேன்.

வெறுஞ் சாக்கு.

கட்டிலையே புரட்டிப் பாத்தேன் அண்ணாச்சி. அங்க வாசல்ல இடம் விட்டுக் கட்டியிருக்கு, பொக்கை வாய் மாதிரி. அதைப் பாக்கப் பாக்க எனக்கு எங்க கோயில் ஆணிதான் ஞாபகம் வருது. ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டேன். ஓபேத்தைச் சந்தேகப்பட்டேன். ஐயரைக் கூட ஒரு நிமிசம் சந்தேகப்பட்டேன். ஐயர் ஆரம்ப ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னாவ. எல்லாரும் மூடுனாங்க. நான் திறந்து வச்சுக்கிட்டு யாரு முழியில திருட்டு இருக்குன்னு பாக்கதுக்குள்ள எல்லா முழியும் மூடிட்டு. சரின்னு கூட்டத்துல யாரு இல்லன்னு பாத்தேன். லில்லிபுஷ்பம் இல்ல.

ஊத்துக்கு எறங்குனேன். முதுகு வலியோட.

கல்லு அங்கன கெடக்கு. ஊத்துக்கு முன்னால, களிமண்ணுல நல்லா அழுத்திப் பதிச்சு, சுத்தி சல்லி போட்டு இடிச்சு. கவுத்துப் போட்டிருக்கு. சொரசொரப்புப் பக்கம் மேல. அதுல ஏறி நின்னு ஒரு கெழவி தண்ணி மொள்ளுதா, ஆடாம அசையாம. லில்லிபுஷ்பம் பக்கத்துல நின்னு கடைசிக் குடத்தைத் தூக்கி விடுதா.

நான் கேட்டேன், இது யாரு செஞ்சதுன்னு. சத்தமாத்தான் கேட்டேன். அவ என் முகத்தைப் பாத்தா. பயப்படலை.

"வெள்ளச்சி ஒரு பட்டைக்கல்லு கேட்டா. இங்க இருக்கதெல்லாம் உருளுது. உங்க கட்டிலுக்கு அடியில ஒண்ணு சும்மா கெடந்துச்சு. நாந்தான் தூக்கிட்டு வந்தேன்."

சும்மா கெடந்துச்சாம். நான் ஒரு பகல் பூரா தூக்குன கல்லை இவ எப்ப தூக்குனா, எப்படித் தூக்குனான்னே எனக்குத் தெரியலை. அந்த நேரத்துல அதைக் கேக்க எனக்குத் தோணவும் இல்ல. ஏன் கவுத்துப் போட்டேன்னுதான் கேட்டேன். பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கலை.

அதுக்கு வெள்ளச்சி சொன்னா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு பாறை ஓரமா உக்காந்திருந்தா. "எழுத்து இருந்துச்சுங்கண்ணா. எழுத்து மேல கால் வைக்கக் கூடாதுங்களே. அதான் திருப்பிப் போடச் சொன்னேன். யாரு பேருங்கண்ணா அது?"

நான் வாயைத் தொறந்தேன். வரலை. என் பேருதான்னு சொல்ல ரெண்டு வார்த்தை போதும். அந்தக் கெழவி குடத்தோட என்னையே பாக்கா, வெள்ளச்சி பாக்கா. லில்லிபுஷ்பம் மட்டும் பாக்கலை, வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கா. தோண்டி எடுத்துரலாம்னுதான் எறங்குனேன், சத்தியமாச் சொல்லுதேன். ரெண்டு எட்டு வச்சதும் சேத்துல காலு முழங்கால் வரைக்கும் போயிட்டு. வெள்ளை வேட்டி. அந்தக் கெழவி டக்குன்னு கல்லை விட்டு எறங்கி, மேல வாங்க தம்பின்னு என் கையைப் பிடிச்சு இழுத்துக் கல்லு மேல நிப்பாட்டிட்டா. என் பேரு மேலயே நிக்கேன். குனிஞ்சு, குடத்துத் தண்ணியை என் காலுல ஊத்திக் கையால தேய்ச்சுச் சேத்தைக் கழுவுனா. அவ சுமந்துட்டுப் போக மொண்டு வச்ச தண்ணி.

எங்க ஊருல பெரிய வியாழக்கிழமை ஐயர் கால் கழுவுவாவ. ஆண்டவர் தன் சீஷருங்களுக்குக் கழுவுனாருன்னு. அதுக்குப் போறவன் எல்லாம் வீட்டுலயே சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பவுடர் போட்டுட்டுத்தான் போவான். நானுந்தான். அழுக்குக் காலை ஒருத்தர் கழுவி எனக்குப் பழக்கமே இல்ல அண்ணாச்சி. ஸ்தோத்திரம்னேன். அந்தக் கெழவிக்கு அது என்னான்னு தெரியலை, சரிங்க தம்பின்னா.

தோண்டலை. விட்டுட்டேன். வாசல்ல விட்ட இடத்துல ஓபேத்து ஒரு விளக்கு வச்சிட்டாரு. மாடம் மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு.

ஊருக்கு வந்ததும் ஞாயித்துக்கிழமை கோயில்ல சாட்சி. நான் ரெண்டு பக்கத்துக்கு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். ஐயர் லில்லிபுஷ்பத்தைக் கூப்பிட்டாவ. அவ எழும்பி, போனோம், வேலை செஞ்சோம், வெள்ளச்சிக்கு நல்லபடியா பெறக்க ஜெபம் பண்ணிக்கிடுங்கன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா. கல்லைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. என் பேரு வெளிய வரலைன்னு எனக்குக் கோவம். என் மானம் வெளிய வரலைன்னு ஒரு நிம்மதி. ரெண்டும் சேந்து அன்னைக்குச் சோறு எறங்கலை.

வெள்ளச்சிக்கு பொம்பளப் பிள்ளை. நல்லா இருக்கு. போன மாசம் ஓபேத்து போன்ல பேசும்போது வெள்ளச்சி வாங்கி லில்லிபுஷ்பத்துகிட்ட பேசுனா. அந்தக் கல்லு ரொம்ப சௌரியமா இருக்காம். துணி துவைக்கவும் அதுலயே நிக்காங்களாம், தண்ணி மொள்ளவும் அதுலயே நிக்காங்களாம், தெனம் தள்ளுமுள்ளாம். இன்னொண்ணு கெடைச்சா கீழ்ப்படிக்கு ஆகும்னு சொன்னா. அந்த அண்ணன்கிட்ட கேளுங்க, அவரு கல்லு தூக்குறவருதானன்னு சொல்லியிருக்கா. என்னையா சொன்னான்னு லில்லிபுஷ்பத்துகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். ஆமான்னா. மில்லு உரிமையாளர்னு வெட்டி வச்சதுக்கு, அந்த ஊருல நமக்குக் கெடைச்ச பேரு அது.

இந்தத் தடவை வேன் இல்ல, கூட்டம் இல்ல. நானும் அவளும் மட்டும். பஸ்ஸுல வாரோம். மேல நாந்தான் சுமப்பேன்னு சொல்லிட்டேன். அவ குழந்தைக்குச் சட்டை, அது இதுன்னு ஒரு பை வச்சிருக்கா, அது அவளுக்கு. எழுத்து கிழுத்து ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு எனக்குக் கண்டிஷன் போட்டுட்டா. பாருங்க, சாக்கைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுதேன். மேல்பக்கம் உளியால கொத்தி நல்லா பொளிஞ்சிருக்கு, காலு வழுக்காது. ஒரு எழுத்து கெடையாது. லில்லிபுஷ்பம் கையால தடவிப் பாத்துட்டுத்தான் கட்ட விட்டா.

கீழ்ப்பக்கமா?

மெதுவாக் கேளுங்க அண்ணாச்சி. அவ திருப்பிப் பாக்கதுக்குள்ள நான் சாக்கைச் சுத்திட்டேன். மண்ணுக்குள்ள போற பக்கம்தான, யாரு காலும் படாது, யாரு கண்ணும் படாது, யாருக்கு என்ன நட்டம்? இந்தத் தடவை தேவனுக்கே மகிமையைத்தான் பெருசா போடச் சொன்னேன். அதுக்குக் கீழ சுவிசேஷமுத்து. முழுசா. இனிஷியலா இல்ல. வெட்டுதவரு இன்னும் இடம் இருக்கேன்னாரு. சுவிசேஷமுத்து யாருன்னு மண்ணுக்குத் தெரியணும்லா. அதுக்காக, தர்மராஜ் தகப்பன்னு ஓரத்துல சின்னதா. ரொம்பச் சின்னதுதான். கண்ணாடி போட்டாத்தான் தெரியும்.

சாக்கை மூடிருவோம். அவகிட்ட சொல்லிராதீங்க. முன்சீட்டுல அந்த நீலச் சேலை, அவதான். இந்தா திரும்புதா. ஒண்ணுமில்ல லில்லி, அண்ணாச்சிக்குக் காலு தட்டிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.